கொரில்லாவுக்காக ஓர் ஊசி

என்டெபெ விமான நிலையத்தில் விசாவைப் பார்ப்பதற்கு முன்பே மஞ்சள் அட்டையைப் பார்க்கிறார்கள். கட்டடத்துக்குள் நுழைந்ததும் ஒரு மேசை, வெள்ளை அங்கி போட்ட ஒரு பெண், கையில் காய்ச்சல் பார்க்கும் கருவி. எங்கள் மூவரின் அட்டைகளையும் வாங்கி, ஊசி போட்ட தேதியையும் முத்திரையையும் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அதன் பிறகுதான் குடியேற்ற அதிகாரியின் வரிசை. "பாஸ்போர்ட்டைவிட இதுக்குத்தான் மதிப்பு போலிருக்கே" என்றார் அண்ணன்.

உகாண்டாவுக்கு உள்ளே போக மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டும். அங்கிருந்து இந்தியாவுக்குத் திரும்பவும் அதே சான்று வேண்டும். இரண்டும் ஒரே அட்டைதான், ஆனால் கேட்கும் காரணம் வேறு. உகாண்டாவில் கேட்பது பெரும்பாலும் நம் உயிருக்காக. இந்தியாவில் கேட்பது ஊரில் இருக்கிற மற்றவர்களுக்காக. மஞ்சள் காய்ச்சல் இந்தியாவில் இதுவரை பரவியதில்லை. ஆனால் அதைப் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசு, டெங்குவைப் பரப்பும் அதே கொசு, நம் வீட்டுப் பூந்தொட்டித் தட்டிலும் பழைய டயரிலும் தாராளமாக இருக்கிறது. நம் மக்களுக்கு இந்த நோய் வந்து போன அனுபவமும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. ஒரே ஒரு பயணி ரத்தத்தில் அந்த வைரஸோடு இறங்கினால் போதும். அதனால்தான் சான்று இல்லாமல் ஆப்பிரிக்காவில் அந்த நோய் உள்ள பகுதிகளிலிருந்து வருகிறவர் இந்தியக் குடிமகனாகவே இருந்தாலும் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கிறார்கள். கொசு கடித்து நோய் வெளிப்பட மூன்று முதல் ஆறு நாட்கள் ஆகும் என்பது அதன் கணக்கு.

வெளிநாட்டுப் பயணத்துக்கு உடம்பைத் தயார் செய்வது என்றால் நமக்கு எதுவும் வராமல் பார்த்துக்கொள்வது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். எங்கள் டாக்டரம்மா அதை வேறு விதமாகப் பார்த்தார். அவர் சொன்னதன் முழு அர்த்தமும் எனக்கு உகாண்டாவின் தென்மேற்கு மூலையில் ஒரு மலைக்காட்டு வாசலில்தான் விளங்கியது.

பயணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே அவரிடம் போய்விட்டோம். அண்ணனுக்கு அறுபத்திரண்டு வயது, பிபி மாத்திரை சாப்பிடுகிறார். அண்ணிக்குப் பல வருடமாகச் சுகர், காலையும் இரவும் இன்சுலின். டாக்டரம்மா முதலில் கேட்டது எந்த ஊருக்குப் போகிறோம் என்பதல்ல, அங்கே என்ன செய்யப் போகிறோம் என்பதுதான். ஹோட்டலில் தங்கிக் கூட்டத்தில் பேசிவிட்டுத் திரும்புகிறவருக்கும் காட்டில் நடக்கிறவருக்கும் ஆபத்து ஒன்றல்ல. ஏரி, குகை, காடு, படகு என்று நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தார்.

"சார், உங்களுக்கு முட்டை ஒத்துக்காம போனதுண்டா?"

"இல்லைங்க டாக்டர். ஆம்லெட் தினமும் வேணும்."

"அப்ப சரி. ஆனா அறுபதைத் தாண்டினவங்களுக்கு இந்த மஞ்சள் காய்ச்சல் ஊசியை முதல் தடவையா போடறப்ப கொஞ்சம் யோசிக்கணும். அபூர்வமாத்தான், ஆனா மோசமான பக்கவிளைவு வர வாய்ப்பு வயசானவங்களுக்குச் சற்று அதிகம். நீங்க போற இடத்துல நோய் நிஜமா இருக்கு. வேற எந்தக் குறையும் இல்லைன்னா போட்டுக்கறதுதான் நல்லது. ரெண்டு டெஸ்ட் எழுதறேன், பார்த்துட்டுச் சொல்றேன்."

மஞ்சள் காய்ச்சல் ஊசி உயிருள்ள, ஆனால் வலுவிழக்கச் செய்த வைரஸால் ஆனது. மருந்து முட்டைக்குள் இருக்கும் கோழிக்கருவில் வளர்க்கப்படுவதால்தான் அந்த ஆம்லெட் விசாரணை. கர்ப்பிணிகளுக்கும், ஒன்பது மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் பொதுவாகப் போடுவதில்லை. வேறு உயிருள்ள தடுப்பூசி ஏதாவது தேவைப்பட்டால் அதே நாளில் போட வேண்டும், இல்லையென்றால் நான்கு வாரம் இடைவெளி விட வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும். கடைசி வாரத்தில் ஓடுகிறவர்கள் விமானத்தைத் தவறவிடுவது இதனால்தான். ஒரு தடவை போட்டுவிட்டால் ஆயுள் முழுக்கப் போதும். பத்து வருடத்துக்கு ஒரு தடவை என்ற பழைய விதி 2016 ஜூலை 11ஆம் தேதியோடு போய்விட்டது.

எந்த ஆஸ்பத்திரியில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள முடியாது. அரசு அங்கீகரித்த மையத்தின் முத்திரை இருந்தால்தான் அட்டைக்கு மதிப்பு. நாங்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனோம். 1899இல் பெரியம்மைக்கான தடுப்பு மருந்து தயாரிக்கத் தொடங்கப்பட்ட இடம் அது. ஒரு மருந்துக் குப்பியில் பலருக்கான மருந்து இருக்கும், திறந்தால் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அதனால் குறிப்பிட்ட நாட்களில் ஆட்களைச் சேர்த்து வைத்துப் போடுகிறார்கள். எங்களோடு காத்திருந்தவர்களில் கப்பலில் வேலைக்குப் போகும் தூத்துக்குடிப் பையன்கள் இருந்தார்கள். நைஜீரியாவில் கணக்கு வேலை கிடைத்த ஒருவர் மனைவி, குழந்தைகளோடு வந்திருந்தார். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்கள்.

அந்த அரை மணியில் நான் அசிபியைப் பற்றி அண்ணிக்குச் சொன்னேன். 1927இல், இன்றைய கானாவில், மஞ்சள் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு மனிதர். அவர் ரத்தத்திலிருந்து எடுத்த வைரஸைத்தான் மாக்ஸ் தெய்லரும் அவரது குழுவினரும் கோழிக்கருவின் திசுவில் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் இழக்கச் செய்தார்கள். 1937இல் 17டி என்ற தடுப்பூசி வந்தது. தெய்லருக்கு 1951இல் நோபல் பரிசு கிடைத்தது. அசிபி பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த நோயை ஆராய்ந்துகொண்டிருந்த ஏட்ரியன் ஸ்டோக்ஸ் 1927இலும், ஜப்பானிய விஞ்ஞானி ஹிடெயோ நொகுச்சி 1928இலும் அதே நோய்க்குப் பலியானார்கள். இன்றும் நம் கையில் ஏற்றுவது அசிபியிடமிருந்து வந்த அந்த வைரஸின் வழித்தோன்றலைத்தான். அவர் பெயர் எந்த அட்டையிலும் இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

மற்ற ஊசிகளை டாக்டரம்மாவே போட்டார். டைபாய்டுக்கு ஒன்று, டெட்டனஸுக்கு ஒன்று. மஞ்சள் காமாலையில் ஹெபடைடிஸ் ஏ வகை எங்கள் தலைமுறைக்குப் பெரும்பாலும் சிறுவயதிலேயே, தெரியாமலேயே வந்து போயிருக்கும். அதை ரத்தப் பரிசோதனையில் உறுதி செய்துகொண்டார். வடிகட்டிய தண்ணீரில் வளர்ந்த இன்றைய பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது, அவர்களுக்கு ஊசி தேவைப்படலாம் என்றும் சொன்னார். கடைசியாக ஃப்ளூ ஊசியை எடுத்தார்.

"இதுவும் எங்களுக்கு வேணுமா டாக்டர்?" என்றார் அண்ணி.

"உங்களுக்குச் சுகர் இருக்கு, வேணும். ஆனா இவங்க ரெண்டு பேருக்கும் கொரில்லாவுக்காகப் போடறேன்னு வெச்சுக்குங்கம்மா."

*

என்டெபெயிலிருந்து கம்பாலா போகும் சாலையை ஒட்டி ஸீகா காடு இருக்கிறது. உலகமே பயந்த ஒரு நோய்க்குப் பெயர் தந்த இடம் என்று நினைத்துப் போனால், அது ஒரு சிறிய காடு. சதுப்பும் ஓங்கிய மரங்களுமாக, பகலிலும் பாதி இருட்டாக இருக்கிறது. நடுவில் துருப்பிடித்த இரும்புக் கோபுரம் ஒன்று 120 அடி உயரத்துக்கு மரங்களுக்கு மேலே போகிறது. எந்த உயரத்தில் எந்தக் கொசு எந்த நேரத்தில் கடிக்கிறது என்று அலெக்ஸாண்டர் ஹாடோ என்ற விஞ்ஞானி இரவு பகலாகக் கணக்கெடுத்த கோபுரம். என்டெபெயில் 1936இல் ராக்கஃபெல்லர் அறக்கட்டளை தொடங்கிய மஞ்சள் காய்ச்சல் ஆராய்ச்சி நிலையம்தான் இன்றைய உகாண்டா வைரஸ் ஆராய்ச்சி நிறுவனம். 1947 ஏப்ரலில், மஞ்சள் காய்ச்சலைத் தேடி இந்தக் காட்டின் மர உச்சியில் கூண்டில் வைத்த ரீசஸ் குரங்கு ஒன்றுக்குக் காய்ச்சல் வந்தது. அதன் எண் 766. அதன் ரத்தத்தில் கிடைத்தது மஞ்சள் காய்ச்சல் அல்ல, அதுவரை யாரும் அறியாத ஒரு வைரஸ். அறுபத்தெட்டு வருடம் கழித்து பிரேசிலில் சிறிய தலையோடு குழந்தைகள் பிறந்தபோதுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. இன்றும் கர்ப்பிணிகளும் குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்களும் ஸீகா பரவும் நாடுகளுக்குப் போகும் முன் மருத்துவரிடம் பேச வேண்டும் என்பதற்கு அந்தக் குழந்தைகள்தான் காரணம்.

எங்கள் ஓட்டுநர் கம்பாலாக்காரர். அண்ணனைச் 'செபோ' என்றும் அண்ணியை 'ந்யாபோ' என்றும் மரியாதையாக அழைப்பார். ஐயா, அம்மா என்பது போல. விக்டோரியா ஏரிக்கரையில் நின்றபோது அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டுகிற தோரணையில் பேன்ட்டைச் சுருட்டத் தொடங்கினார். கும்பகோணத்தில் காவிரியில் வளர்ந்தவருக்குத் தண்ணீரைப் பார்த்தால் கால் நிற்காது.

"செபோ, வேண்டாம். இந்தத் தண்ணீரில் பில்ஹார்ஸியா இருக்கிறது."

கரையோரத்துப் பாசியிலும் நாணலிலும் ஒட்டியிருக்கும் சிறு நத்தைகளிலிருந்து கண்ணுக்குத் தெரியாத புழுக்குஞ்சுகள் வெளிவருகின்றன. தண்ணீரில் நிற்கும் மனிதரின் தோலைச் சில நிமிடங்களில் துளைத்து உள்ளே போய்விடுகின்றன. காயம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. உள்ளே போனவை வளர்ந்து குடலையும் கல்லீரலையும் சுற்றியுள்ள ரத்தக் குழாய்களில் வருடக்கணக்கில் வாழும். தடுப்பூசி கிடையாது. பிராசிக்வான்டெல் என்ற மாத்திரையில் குணமாகும், ஆனால் வந்திருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. ஏரியை நம்பிப் பிழைக்கும் மீனவர்களும் துணி துவைக்கும் பெண்களும் தண்ணீரில் இறங்காமல் இருக்க முடியாது. எங்களால் முடியும். அண்ணன் பேன்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டு கரையிலேயே ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

கம்பாலாவில் எங்களை உண்மையில் பயமுறுத்தியது எந்தக் கிருமியும் அல்ல, போடா-போடா. வாடகை மோட்டார் சைக்கிள்கள். நெரிசலில் மணிக்கணக்கில் நிற்பதற்குப் பதில் எல்லோரும் அதில்தான் போகிறார்கள். வெளிநாடு போகும் ஆரோக்கியமான பயணிகள் உயிரிழக்கும் காரணங்களில் சாலை விபத்துதான் முன்வரிசையில் இருக்கிறது. ஊசிக்காக ஒரு நாள் முழுக்கக் காத்திருப்பவர்கள்கூடத் தலைக்கவசம் இல்லாமல் பின்னால் ஏறி உட்கார்ந்துவிடுகிறார்கள். நாங்கள் காரிலேயே போனோம். பின் இருக்கையிலும் பெல்ட் போட்டுக்கொண்டோம், இருட்டிய பிறகு நெடுஞ்சாலையில் போகவில்லை. பயணக் காப்பீடு எடுக்கும்போதும் டாக்டரம்மா இரண்டு வரிகளைத் தேடிப் படிக்கச் சொல்லியிருந்தார். ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் கிடைக்குமா? காட்டுப் பகுதியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும் செலவு சேர்ந்திருக்கிறதா? பல பாலிசிகளில் முதலாவது இருக்காது, சுகர், பிபி இருப்பதை மறைத்து எடுத்தால் இரண்டாவதும் கைக்கு வராது.

சாப்பாட்டு விஷயத்தில் உகாண்டா நமக்கு அந்நியமே இல்லை. வாழைக்காயை வாழை இலையில் பொதிந்து ஆவியில் வேகவைத்து மசித்த மட்டோக்கே, கடலைக் குழம்பு, பீன்ஸ். தெருவோரத்தில் ரோலெக்ஸ் என்ற ஒன்று. சுடச்சுட ஆம்லெட்டைச் சப்பாத்தியில் சுருட்டித் தருவது. இந்தியர்கள் கொண்டுபோன சப்பாத்தி அங்கே இப்படி வாழ்கிறது. கண் முன்னால் கல்லில் வெந்து, ஆவி பறக்கக் கைக்கு வருவதை நம்பிச் சாப்பிடலாம். நட்சத்திர ஹோட்டலில் வெட்டி வைத்துப் பல மணி நேரமான பழக்கலவையைவிட அது பத்திரம். பழம் என்றால் நாமே உரித்துச் சாப்பிட வேண்டும். தண்ணீர் பாட்டிலில் வந்தது அல்லது கொதிக்க வைத்தது, பல் தேய்க்கவும் அதேதான். ஐஸ் வேண்டாம்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் பேதி ஒரு தடவை வந்தே தீரும் என்று எண்ணித்தான் மருந்துப் பையை அடுக்கினோம். அதில் முதல் இடம் ஓஆர்எஸ் பொட்டலங்களுக்கு. 1971இல் வங்கதேச அகதிகள் குவிந்த பங்காவ்ன் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். சாவு விகிதம் 30 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. பொட்டலம் கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு மாறக் கூடாது, உப்பு கூடினால் கெடுதல். கம்பாலாவில் அண்ணனுக்கு ஒரு நாள் வயிறு கெட்டது. அன்று அவரைக் காப்பாற்றியது இதுதான். ரத்தமோ கடும் காய்ச்சலோ இருந்தால் மட்டும் டாக்டரிடம் ஓட வேண்டும்.

அண்ணியின் இன்சுலின் கைப்பையில்தான் வந்தது. விமானத்தின் சரக்குப் பகுதியில் போகும் பெட்டியில் அது உறைந்துபோக வாய்ப்பு உண்டு, உறைந்த இன்சுலின் உதவாது. தேவைக்கு இரண்டு மடங்கு எடுத்துக்கொண்டு, பாதியை என் பையில் வைத்தோம். எல்லா மாத்திரைகளும் கடையில் வாங்கிய அட்டையோடு, மருந்தின் பொதுப்பெயர் எழுதிய டாக்டர் கடிதத்தோடு இருந்தன. இரண்டரை மணி நேர வித்தியாசத்துக்கு ஊசி நேரத்தை எப்படி நகர்த்துவது என்று டாக்டரம்மா ஒரு தாளில் எழுதித் தந்திருந்தார். அண்ணி அதைப் பர்ஸிலேயே வைத்திருந்தார்.

*

மர்ச்சிசன் அருவிக்குப் போகும் காட்டுப் பாதையில் மரங்களிடையே நீலமும் கறுப்புமான துணிகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஏதோ திருவிழாத் தோரணம் என்று நினைத்தார் அண்ணி. அவை ட்ஸெட்ஸே ஈக்களுக்கான பொறிகள். அடர்நீலமும் கறுப்பும் அந்த ஈயை இழுக்கும். துணியில் பூசிய மருந்து கொல்லும். ஒன்று கார் கண்ணாடியின் உட்பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. நம் வீட்டு ஈயைவிடப் பெரியது, பழுப்பு நிறம். உட்கார்ந்ததும் இரண்டு இறக்கைகளையும் மூடிய கத்தரிக்கோல் போல ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துக்கொண்டது. முன்னால் ஊசி மாதிரி நீட்டிய வாய். ஓட்டுநர் தொப்பியால் ஓங்கி அடித்தார். அது விழுந்து, எழுந்து, மறுபடி பறந்தது.

தூக்க நோயைப் பரப்புவது இந்த ஈதான். 1900 முதல் இருபது ஆண்டுகளில் விக்டோரியா ஏரியின் வடகரையில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த நோயில் செத்தார்கள். மர்ச்சிசன் பகுதியில் இருந்த ஊர்களை 1907க்கும் 1912க்கும் இடையில் பிரிட்டிஷ் அரசு காலி செய்தது. இன்று நாம் யானை பார்க்கப் போகும் இந்த வனம் அப்படி ஆளற்றுப் போன நிலம். இப்போது பயணிகளுக்கு இந்த நோய் வருவது அபூர்வம். ஆனால் தடுப்பூசியும் இல்லை, முன்கூட்டிச் சாப்பிட மாத்திரையும் இல்லை. கொசு விரட்டி மருந்துக்கும் ட்ஸெட்ஸே பெரிதாக மசிவதில்லை. மெல்லிய துணியைத் துளைத்துக் கடிக்கும். இதைத் தெரிந்துகொண்டுதான் சென்னையிலேயே நீல ஜீன்ஸ், கறுப்புச் சட்டை எல்லாவற்றையும் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டுக் காக்கி, சாம்பல் நிறத்தில் முழுக்கை வைத்த கெட்டித் துணிகளாக எடுத்து வைத்தோம்.

பகலில் ஏடிஸும் ட்ஸெட்ஸேயும் என்றால், பொழுது சாய்ந்ததும் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கொசு. உகாண்டாவில் மலேரியாவில் பெரும்பகுதி ஃபால்சிபாரம் வகை. காய்ச்சல் தொடங்கிச் சில நாட்களிலேயே உயிரைப் பறிக்கக்கூடியது. நம் வீடுகளில் பெயர் தெரிந்த குளோரோகுயின் அங்கே பலிக்காது. எங்களுக்கு டாக்டரம்மா டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் எழுதியிருந்தார். புறப்படுவதற்கு முந்தின நாளே தொடங்கி, அங்கே இருக்கும் நாள் எல்லாம் சாப்பிட்டு, திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும். சாப்பாட்டுக்குப் பின் நிறையத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு உடனே படுக்கக் கூடாது, உணவுக்குழாய் புண்ணாகும். இந்த மாத்திரை வெயிலில் தோலைச் சீக்கிரம் கருக்கும். நாங்கள் நின்றதோ பூமத்தியரேகையில், கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் உள்ள நாட்டில். காற்று இதமாக இருப்பதால் வெயில் உறைப்பதே தெரியாது. தொப்பியும் சன் ஸ்கிரீனும் ஒரு நாளும் கைவிடவில்லை. சன் ஸ்கிரீனை முதலில் பூசி, அதன்மேல் கொசு விரட்டி. இரவில் மருந்து தோய்த்த கொசுவலையின் நுனியை மெத்தைக்கடியில் செருகிக்கொண்டுதான் படுத்தோம். விடுதியில் வலை இல்லாமல் போனால் என்று ஒன்றைச் சென்னையிலிருந்தே வாங்கி வந்திருந்தோம்.

"எங்களுக்கு மலேரியா என்றால் ஜலதோஷம் மாதிரி" என்றார் ஓட்டுநர். திரும்பத் திரும்ப வந்து வந்து பெரியவர்களின் உடம்பு ஓரளவு பழகியிருக்கிறது. அந்தப் பழக்கம் குழந்தைகளுக்கு இல்லை. ஆப்பிரிக்காவில் மலேரியாவில் சாகிறவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குக் குறைந்தவர்கள். அவருடைய தம்பி ஒருவனும் அப்படிப் போனவன்தான் என்று கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். 2025 ஏப்ரலில் உகாண்டா அரசு குழந்தைகளுக்கு மலேரியா தடுப்பூசி போடத் தொடங்கியது. ஆக்ஸ்ஃபோர்டில் உருவான அந்த ஆர்21 ஊசி புனேயில் தயாராகிறது என்று அண்ணன் அவரிடம் சொன்னபோது, அவர் காரை ஓரம் கட்டி, பெயரைக் கேட்டுக் கைப்பேசியில் எழுதிக்கொண்டார்.

குயீன் எலிசபெத் தேசியப் பூங்காவில் மரமகாம்போ காட்டுக்குள் மலைப்பாம்புக் குகை என்று ஒன்று உண்டு. ஆயிரக்கணக்கில் பழந்தின்னி வௌவால்கள் தொங்கும் இடம். 2008இல் இதற்குள் போய் வந்த நெதர்லாந்துப் பெண் ஒருவர் ஊர் திரும்பியபின் மார்பர்க் நோயில் இறந்தார். அதற்குச் சற்று முன் இதே குகைக்கு வந்த அமெரிக்கப் பெண் ஒருவரும் கடும் நோய்வாய்ப்பட்டுப் பிழைத்தார். எபோலாவின் உறவு வைரஸ் அது, இந்த வௌவால்கள்தான் சுமக்கின்றன. இப்போது குகை வாயிலிருந்து தள்ளி, கண்ணாடி போட்ட ஓர் அறைக்குள் நின்றுதான் பார்க்க வேண்டும். தரையெங்கும் எச்சமும், மேலே இடைவிடாத சலசலப்பும், வௌவால்களுக்கிடையே நெளிந்த ஒரு மலைப்பாம்பும் கண்ணாடி வழியே நன்றாகவே தெரிந்தன. இன்னும் கிட்டே போயிருக்கலாமே என்று எனக்குத் தோன்றவில்லை.

*

உகாண்டாவின் தென்மேற்கு மூலையில் உள்ள ப்விண்டி காடு 321 சதுர கிலோமீட்டர். 1994 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. உலகத்தில் மிஞ்சியிருக்கும் மலைக் கொரில்லாக்கள் 2018 கணக்குப்படி ஆயிரத்துச் சொச்சம். அவற்றில் ஏறக்குறைய பாதி இந்தக் காட்டில் வாழ்கின்றன. பார்க்கும் அனுமதிச் சீட்டு வெளிநாட்டவருக்கு 800 டாலர். ஒரு குடும்பத்தை ஒரு நாளைக்கு எட்டுப் பேர் மட்டும், ஒரு மணி நேரம் மட்டும் பார்க்கலாம். பதினைந்து வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. முகக்கவசம் கட்டாயம், பத்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும்.

இவ்வளவு கட்டுப்பாடும் நம் உயிருக்குப் பயந்து அல்ல. மனிதருக்கு வரும் சளியும் ஃப்ளூவும் கொரில்லாவுக்கும் வரும். நமக்கு இரண்டு நாள் தும்மலோடு போவது அவற்றுக்கு நிமோனியாவாகி முடியலாம். 1996இல் இங்கே கொரில்லாக்களுக்கு முடி உதிர்ந்து தோல் புண்ணானது. ஒரு குட்டி இறந்தது. உகாண்டாவின் முதல் வனவிலங்கு மருத்துவரான க்ளாடிஸ் கலேமா-ஸிகுஸோகா, அப்போது இருபத்தைந்து வயதை ஒட்டிய இளம்பெண், அது சொறி சிரங்கு என்று கண்டுபிடித்தார். காட்டோரத்து ஏழைக் குடும்பங்களிடமிருந்து, வயலில் சோளக்கொல்லைப் பொம்மைக்குப் போட்ட பழந்துணி வழியாக அது கொரில்லாக்களுக்குப் போயிருக்கலாம் என்பது அவரது முடிவு. கொரில்லாவைக் காப்பாற்ற வேண்டுமானால் அந்த மக்களுக்குச் சோப்பும் வைத்தியமும் கிடைக்க வேண்டும் என்று அவர் 2003இல் அதற்காகவே ஓர் அமைப்பைத் தொடங்கினார். என் மனத்தில் அந்தப் பெண்மணிக்குப் பெரிய இடம் உண்டு.

காலை ஏழு மணிக்கு வாசலில் எல்லோரையும் உட்கார வைத்து வனக்காவலர் விதிகளைச் சொன்னார். கடைசியாக, "யாருக்காவது சளி, இருமல், காய்ச்சல், வயிற்றுக் கோளாறு இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்" என்றார். முந்தின நாள் மழையில் நனைந்த அண்ணனுக்கு இரவே மூக்கு அடைத்துக்கொண்டிருந்தது. தொண்டைக் கரகரப்பும் இருந்தது. காய்ச்சல் இல்லை. முகக்கவசத்தை இறுக்கிப் போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது. வருடக்கணக்கில் ஆசைப்பட்டு வந்தவர். நான் அவரைப் பார்த்தேன்.

கையைத் தூக்கினார். "எனக்கு நேத்து ராத்திரியிலேர்ந்து ஜலதோஷம். நான் வரலை."

காவலர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஊசியெல்லாம் போட்டுக்கிட்டு வந்தீங்களே" என்று அண்ணி மெதுவாகச் சொன்னார். "ஊசி ஃப்ளூவுக்குத்தானே. இது என்னன்னு எனக்குத் தெரியலையே" என்றார் அண்ணன். நானும் அவரோடு இருந்துவிடுகிறேன் என்றேன், விடவில்லை. "அண்ணியைத் தனியா அனுப்பாதே. அவ சுகரை நீதான் பாத்துக்கணும்."

மூன்று மணி நேரம் சரிவில் ஏறினோம். அந்த ஊர் இளைஞர் ஒருவரைப் பை சுமக்க வைத்துக்கொண்டோம். வழுக்கும் இடங்களில் அண்ணியைக் கை கொடுத்துத் தூக்கியதும் அவர்தான். நடை அதிகமானால் சர்க்கரை சட்டென்று இறங்கும். டாக்டரம்மா சொல்லியிருந்தபடி அண்ணி காலை இன்சுலினைக் குறைத்திருந்தார். நிற்கும் இடத்திலெல்லாம் ஒரு கடலை மிட்டாய். பாதி வழியில் கை நடுக்கம் வந்தபோது சோதித்துப் பார்த்துக் குளுக்கோஸ் கொடுத்தேன். கால் மணி நேரம் உட்கார்ந்தோம், எல்லோரும் காத்திருந்தார்கள். அப்புறம் புதருக்குள் அந்தக் குடும்பம் தெரிந்தது. முதுகு வெளுத்த ஆண் ஒன்று தண்டை ஒடித்து, நார் உரித்து, உள்சதையை மட்டும் நிதானமாக மென்றுகொண்டிருந்தது. அதன் மேல் ஏறி விளையாடிய குட்டி ஒன்று எங்களை நோக்கி ஓடி வந்தது. காவலர் கையை விரித்து எங்களைப் பின்னால் நகர்த்தினார். குட்டி எவ்வளவு கிட்டே வந்தாலும் விலக வேண்டியவர்கள் நாங்கள்தான். கவசத்துக்குள் என் மூச்சு சூடாக முட்டியது. டாக்டரம்மா யாருக்காக அந்த ஊசியைப் போட்டார் என்பது அப்போது கண் முன்னால் உட்கார்ந்திருந்தது.

திரும்பி வந்தபோது அண்ணன் வனத்துறைக் கொட்டகையில் இஞ்சி டீ குடித்துக்கொண்டு எங்கள் படங்களுக்காகக் காத்திருந்தார்.

*

சென்னை விமான நிலையத்தில் மஞ்சள் அட்டையைக் காட்டி வெளியே வந்தோம். டாக்ஸிசைக்ளின் தொடர்ந்தது. இந்தக் கடைசி வாரங்களில்தான் பலரும் விட்டுவிடுவார்கள் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்ததால், மூவரும் இரவு ஒன்பது மணிக்கு ஒருவருக்கொருவர் போன் செய்து நினைவுபடுத்திக்கொண்டோம். மூன்றாவது வாரக் கடைசியில் அண்ணிக்குக் கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி. அன்றே டாக்டரம்மாவிடம் போனோம். உகாண்டா போய் வந்தது அவருக்குத் தெரியும். தெரியாத டாக்டராக இருந்தால் வாயைத் திறந்ததும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் அதுதான். ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பிச் சில மாதங்கள் வரை எந்தக் காய்ச்சல் வந்தாலும், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தாலும், அன்றைக்கே மலேரியாவுக்கு ரத்தம் பார்க்க வேண்டும்.

மலேரியா இல்லை. மறுநாளும் எடுத்துப் பார்த்தார்கள், இல்லை. டெங்கு என்று வந்தது. கொசு கடித்து இரண்டு வாரத்துக்குள் வெளிப்படும் நோய் அது. அப்படியானால் அண்ணியைக் கடித்தது நம் ஊர்க் கொசுதான்.

"நிறையத் தண்ணி குடிக்கணும், பாராசிட்டமால் மட்டும் போதும், வேற வலி மாத்திரை கூடாது. தட்டணுக்களை அடிக்கடி பார்க்கணும்" என்றவர், அண்ணனைப் பார்த்து, "ஒரு வாரம் பகல்லயும் கொசுவலைக்குள்ளயே இருக்கச் சொல்லுங்க சார். இவங்களைக் கடிக்கிற கொசு அடுத்த வீட்டுக்காரங்களையும் கடிக்கும்" என்றார். உகாண்டாவுக்கு வாங்கிப் போய்ப் பிரிக்காமலே திரும்பி வந்த வலையை அண்ணன் அன்று மத்தியானமே கட்டினார். மறுநாள் மாநகராட்சியிலிருந்து இரண்டு பெண்கள் டார்ச்சோடு வந்தார்கள். மொட்டை மாடித் தொட்டி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, செடித்தட்டு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, எதிர்வீட்டு வாசலில் கிடந்த உடைந்த ஆட்டுக்கல் குழியில் புழு நெளிவதைக் காட்டிக் கவிழ்த்துப் போட்டார்கள். அண்ணன் அவர்களோடு சேர்ந்து அந்தத் தெரு முழுக்க வீடு வீடாகப் போனார்.